'பாப்பம்' என்றால் ஓமா, இல்லையா?

வன்னியில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன், கிளிநொச்சிப் பக்கத்துக் குளமொன்றின் சிறுபோகக் கூட்டத்தில், கூடுதல் வயலுக்குத் தண்ணீர் தரும்படி கமக்காரர்கள் கேட்டார்கள். அதிகாரி சிங்களத்தில் "பலமு" என்றார். நான் "பாப்பம்" என்றேன். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அவர் நாசூக்காக மறுத்திருந்தார். கமக்காரர்கள் சம்மதமென்று எடுத்து விதைத்துவிட்டார்கள். "நீர்தானே தம்பி சொன்னனீர்?" என்று ஓர் ஐயா வாடிய பயிரைக் காட்டிக் கேட்டது இன்னும் மனதை அறுக்கிறது.

நட்பு நாடுகளின் இரகசியப் பேச்சிலும் இந்த ஆபத்து உண்டு. ஒரு விடயத்தை 'டேபிள்' செய்வதென்றால் பிரித்தானியருக்கு உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கருக்குத் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரில் இந்தச் சொல்லால், ஒரே கருத்துக் கொண்ட இரு தரப்பும் நெடுநேரம் சண்டையிட்டதைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

சொல் குழம்பினால் சண்டையிலாவது வெளிப்பட்டுவிடும். மௌனம் அப்படியல்ல. 1960இல் தன் புளூ ஸ்ட்ரீக் ஏவுகணைத் திட்டத்தைக் கைவிட்ட பிரித்தானியா, அமெரிக்காவின் ஸ்கைபோல்ட் ஏவுகணையை நம்பியிருந்தது. 1962 நவம்பரில், அது கைவிடப்படக்கூடும் என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா பிரித்தானிய அமைச்சர் தோர்னிகிராஃப்டுக்குத் தெரிவித்தார். பதிலாக எது வேண்டுமென்று பிரித்தானியர் கேட்பார்கள் என மக்னமாரா காத்திருந்தார். அமெரிக்கரே ஒன்றைத் தருவார்கள் என தோர்னிகிராஃப்ட் காத்திருந்தார். டிசம்பரில் லண்டனில் சந்தித்தபோது மனக்கசப்புத்தான் மிஞ்சியது. பிறகு பஹாமாஸின் நாசோவில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் பிரித்தானியப் பிரதமர் மக்மில்லனும் நேரே பேசி, பதிலுக்குப் போலாரிஸ் ஏவுகணை என்று முடித்தார்கள். இப்படி ஏன் நடந்தது என்று அறிய, அரசியல் அறிஞர் ரிச்சர்ட் நியூஸ்டாட்டைக் கொண்டு கென்னடி ஓர் இரகசிய அறிக்கையே எழுதுவித்தார்.

எதிரியின் ஒவ்வொரு சொல்லையும் நாலு தரம் சோதிப்போம். நண்பனிடம் திருப்பிக் கேட்டால் தன்னை நம்பவில்லை என்று நினைப்பானோ என்று கூச்சப்படுவோம். இரகசியம் என்பதால் தாளைப் பார்ப்பவர்களும் சிலரே. பிழை பிடிக்க வெளியாள் இல்லை. அதனால்தான் இராஜதந்திரத்தில், பேசியதை நினைவுக் குறிப்பாக எழுதி மறுதரப்பிடம் கையளிக்கும் வழக்கம் இருக்கிறது. அதைச் சடங்காக நினைத்துவிடக் கூடாது. "நீங்கள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், சரியா?" என்று கேட்கும் இடம் அதுதான்.

இப்போதெல்லாம் கூட்டம் கலைய முன் நானும் கேட்டுவிடுகிறேன்: "சேர், எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று எழுத?"