கத்தரிக்காய்க்கு யார் சொந்தம்?

காய்கறிப் பையைத் தரையில் கொட்டி, "யாருக்கு யார் சொந்தம், பிரித்து வையுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். மிளகாயை எங்கே வைப்பதென்று சண்டை வரும். சமையலுக்கு அந்தப் பிரிவினை சரிதான். தாவரவியல் படித்தவர் மட்டும் பூ எங்கே என்று கேட்பார்.

காயின் அளவையும் நிறத்தையும் விதை பொறுக்கிப் பொறுக்கியே மனிதர்கள் மாற்றிவிட முடியும்; கத்தரியில் மட்டும் எத்தனை ரகம்! பூவின் அமைப்பு அவ்வளவு சுலபத்தில் மாறாது. கத்தரிப் பூ ஐந்து முனை நட்சத்திரமாக விரியும். நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் நெருக்கமாகக் கூடி நிற்கும். சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, தக்காளி, ஊட்டியில் விளையும் உருளை எல்லாவற்றின் பூவும் ஏறத்தாழ இதே அச்சுதான். இவை அத்தனையும் சொலானம் என்ற ஒரே பேரினம், உடன்பிறந்தவர்கள் மாதிரி. மிளகாயின் பேரினம் கேப்சிகம், ஆனால் குடும்பம் ஒன்றே. சித்தப்பா பிள்ளை முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைவள்ளியின் பூவோ புனல் மாதிரி இருக்கும். வள்ளைக்கீரைக்கும் அதே பூ. இரண்டும் ஐப்போமியா பேரினம்; குடும்பமே வேறு. கிழங்கு என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் உருளை என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு, சர்க்கரைவள்ளி பருத்த வேர். சொந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு குடும்பங்களும் ஒரு படி மேலே, துறை என்ற மட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன.

அறிவியல் பெயரும் நம் இனிஷியல் போலத்தான்: பேரினத்தின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கத்தரி, சொலானம் மெலாஞ்சினா. 1753-இல் செடிகளுக்கெல்லாம் இப்படி இரட்டைப் பெயர் வைத்த சுவீடன்காரர் லின்னேயஸ் தக்காளியையும் சொலானத்தில்தான் சேர்த்தார். 1768-இல் இங்கிலாந்துத் தோட்டக்கலைஞர் பிலிப் மில்லர் அதைப் பிரித்துத் தனிப் பேரினமாகத் தனிக்குடித்தனம் வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தக்காளியைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம், இந்த உறவுமுறை விவசாயிக்கும் உதவுகிறது. சுண்டைக்காயின் வேர், வாடல் நோயையும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். அதன் தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். உருளைச் செடியின் மேல் தக்காளியை ஒட்டினால், ஒரே செடியில் மேலே பழமும் கீழே கிழங்கும் கிடைக்கும்.