பெரிய உடம்பு, புது வீடு: மீட்கப்பட்ட நாயின் உள்ளே நடப்பது என்ன?

மணி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாளும் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த சந்தில் படுத்தே கிடந்தான். 38 கிலோ எடை. தலையைத் தூக்கினால் என் இடுப்புக்கு வருவான். அந்தச் சந்து அவன் உடம்பில் பாதிக்குக்கூடப் போதாது. ஆனாலும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, முன்னங்கால்களை மடக்கி, தன்னை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொண்டு அங்கேயே கிடந்தான். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். குரைக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு சாது!" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது சாதுத்தனம் இல்லை, அசைய முடியாத அளவுக்குப் பயம் என்று புரிய மூன்று வாரம் ஆனது.

பயந்துபோன நாயின் உடலில் இரண்டு வேகத்தில் வேலை நடக்கிறது. ஒரு சத்தம் கேட்ட நொடியிலேயே அட்ரினலின் பாய்ந்துவிடும். இதயம் படபடக்கும், கண்மணி விரியும். இது சீக்கிரமே அடங்கிவிடும். இரண்டாவது வழி நிதானமானது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் சொல்லும். பிட்யூட்டரி அதை ரத்தம் வழியாக, சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு அனுப்பும். அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். ஓடவோ சண்டை போடவோ தேவைப்படும் சர்க்கரையை ரத்தத்துக்குள் கொண்டுவருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. செரிமானம், தூக்கம் இதெல்லாம் அப்போதைக்குத் தள்ளி வைக்கப்படும். புதிதாக வந்த நாய் சாப்பிட மறுப்பதும், வயிற்றுப்போக்கு வருவதும், கண்ணை மூடிக்கொண்டே காதை மட்டும் விறைப்பாக வைத்திருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆபத்து விலகிவிட்டால் கார்ட்டிசாலே மூளைக்குப் போய் 'போதும்' என்று சொல்லிவிடும், சுரப்பு நிற்கும். மீட்ட நாய்களை வைத்திருக்கும் காப்பகத்தில் அந்த 'போதும்' வர வழியில்லை. பக்கத்துக் கூண்டில் ஒன்று குரைத்தால் வரிசை முழுக்கக் குரைக்கும். வாசனை, ஆட்கள், நேரம் எல்லாமே புதிது. அமெரிக்காவில் மைக்கேல் ஹென்னஸியும் அவருடைய குழுவினரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்து முதல் மூன்று நாட்களில் இருந்த நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால், வீட்டில் வளரும் நாய்களைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. லிசா கண்ட்டரின் குழு 2019-ல் வேறு மாதிரி பார்த்தது. ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் யாராவது ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறுநீரில் கார்ட்டிசாலை அளந்தார்கள். வீட்டில் இருந்த நாட்களில் அளவு இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய இடத்துக்கே ஏறியது. வீட்டில் இருந்தபோது நாய்கள் கூடுதல் நேரம் ஓய்வெடுத்ததும் பதிவானது. இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: நாம் பொம்மை, விளையாட்டு, பயிற்சி என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம், அந்த நாய்க்கு முதலில் வேண்டியது இடைஞ்சல் இல்லாத தூக்கம்.

நாய் வளர்ப்பவர்கள் நடுவே 'மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்' என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று உணரும் என்பார்கள். இது அனுபவத்தில் வந்த கணக்கு, விதி இல்லை. ஆனால் இதன் அடிப்படை சரிதான்: முதல் வாரத்தில் நாம் பார்ப்பது முழு நாய் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தத்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 100 நாய்களை ஆறு மாதம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2023-ல் வெளிவந்தது. 7-ம் நாள், 30, 90, 180 என்று நான்கு முறை உரிமையாளர்களிடம் கேட்டார்கள். தனியாக விட்டால் தவிப்பது நாள் போகப்போகக் குறைந்தது. அந்நியர்களிடம் சீறுவதும் எதையாவது துரத்துவதும் முதல் வாரத்தைவிடப் பின்னால் அதிகமானது. நாய் கெட்டுப்போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒடுங்கிக் கிடந்தது இப்போதுதான் வாய் திறக்கிறது. ஆறு மாதம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் நாயின் நடத்தை நன்றாகவே இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் மணி முதன்முதலாக உறுமினான். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த நண்பர் அவனுக்கு மேலாகக் குனிந்து தலையைத் தடவப் போனார். நான் உறுமலை மட்டும்தான் கேட்டேன். அதற்கு முன்னால் நடந்ததை அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் கோர்க்க முடிந்தது. அவர் உள்ளே வந்ததும் மணி உதட்டை நக்கினான். கொட்டாவி விட்டான், தூக்கம் வரும் நேரமே இல்லை. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டினான். வெள்ளை விழி பிறை மாதிரி தெரிந்தது. அப்புறம் உடம்பு அப்படியே கல்லாகிப் போனது. நாலு தடவை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, ஐந்தாவதாகத்தான் உறுமினான்.

உறுமலுக்காக நாயைத் திட்டுவதோ அடிப்பதோ பெரிய தப்பு. பெரிய நாய் விஷயத்தில் ஆபத்தும்கூட. அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் பல் படும். சின்ன நாய் கடித்தால் கீறலோடு போகலாம்; 38 கிலோ நாயின் தாடை அப்படி விடாது. உறுமினால் அந்த ஆளை இரண்டடி பின்னால் வரச் சொல்லுங்கள், நாய்க்கு விலகிப் போக வழி விடுங்கள். தான் சொன்னது கேட்கப்படுகிறது என்று தெரிந்த நாய்க்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் குறையும்.

இன்னொன்று. கார்ட்டிசால் ஏறுகிற வேகத்தில் இறங்குவதில்லை. காலையில் டாக்டரிடம் ஊசி, மதியம் புது ஆட்கள், சாயங்காலம் குளியல் என்று ஒரே நாளில் அடுக்கினால், ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறிவிடும். ராத்திரி ஒரு தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு நாய் எகிறுவது தட்டினால் மட்டும் இல்லை. களேபரமான ஒரு நாளுக்கு அப்புறம் ஒன்றுமே நடக்காத ஒரு நாளைக் கொடுப்பது நல்லது.

இவ்வளவு சொன்னாலும், ஒட்டுதல் உண்டாவதற்கு மாதக்கணக்கு தேவையில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஹங்கேரியில் மார்ட்டா காச்சியும் குழுவினரும் காப்பகத்து நாய்களோடு ஒரே ஆள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் மட்டும் பழகும்படி செய்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், அந்தச் சில நிமிடப் பழக்கத்துக்கே நாய்கள் அந்த ஆளையும் அந்நியரையும் வேறாக நடத்த ஆரம்பித்தன. உங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்த நாய் உங்களை நம்புகிறது. அதற்காக உலகத்தை நம்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை எதைப் பார்த்தாலும் பழகிக்கொள்ளும் காலம். அப்போது மாடிப்படியையோ குடையையோ தொப்பி போட்டவரையோ பார்க்காத நாய்க்கு ஐந்து வயதிலும் அவை விசித்திரம்தான். தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, தின்ன ஏதாவது கொடுத்துக்கொண்டே பழக்கினால் மாறும். நாள் ஆகும், அவ்வளவுதான்.

கண்ணோடு கண் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நாயும் உரிமையாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஒட்டுதலோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானில் மிஹோ நாகசாவாவின் குழு 2015-ல் காட்டியது. அது ஏற்கெனவே பழகிய ஜோடிகளுக்கு. முன்பின் தெரியாத ஆள் உற்றுப் பார்த்தால் நாய்க்கு அது மிரட்டல்தான். முதல் வாரங்களில் பக்கவாட்டில் உட்காருங்கள், பார்வையை வேறெங்காவது வையுங்கள். அது தானாக வந்து பார்க்கட்டும்.

சரி, உடம்புக்கு வருவோம். பெரிய நாய் என்பது சின்ன நாயைப் பெரிதாக்கிய படம் இல்லை. 5 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 235 கலோரி வேண்டும். 40 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 1,110. எடை எட்டு மடங்கு, தேவை ஐந்து மடங்குக்கும் குறைவு. உடல் பெரிதாக ஆக, ஒவ்வொரு கிலோவும் எரிக்கும் சக்தி குறைகிறது. 'இவ்வளவு பெரிய நாய்க்கு இது எப்படிப் பற்றும்?' என்று கண் அளவில் போட்டால் அது கொழுப்பாகத்தான் போய்ச் சேரும். மெலிந்து வந்த நாயைப் பார்த்தால் கை தானாக அள்ளிப் போடும், எனக்குத் தெரியும். ஆனால் உண்மையிலேயே பட்டினி கிடந்த நாய்க்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் மாதிரியான தாதுக்கள் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் கேட்டுச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஒல்லியாக வைத்திருப்பதன் பலனுக்கு ஒரு நல்ல சான்று உண்டு. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க 25 சதவீதம் குறைவாகக் கொடுத்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் சராசரி ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலாவில் கை வைத்துப் பாருங்கள். அழுத்தாமல் தடவும்போதே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

வெயிலிலும் இதே கணக்குதான் தலைகீழாக வேலை செய்கிறது. உள்ளே உண்டாகும் சூடு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் வெளியேற வேண்டும். எட்டு மடங்கு எடையுள்ள நாய்க்குத் தோலின் பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்குதான். நாய்க்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும், அதுவும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். பெரிய நாய் உச்சி வெயிலில் ஓடக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மணி வந்த புதிதில் அவன் முழங்கையில், முடி உதிர்ந்து, யானைத் தோல் மாதிரி ஒரு காய்ப்பு இருந்தது. தொட்டால் சொரசொரவென்று இருக்கும். கனமான நாய் வெறும் தரையில் படுக்கும்போது எலும்புக்கும் தரைக்கும் நடுவில் தோல் நசுங்கி நசுங்கிக் காய்த்துவிடும். சில நாய்களுக்கு அங்கே நீர் கோத்து உருண்டையாக வீங்கும். தடிமனான படுக்கை போட்டால் போதும், அழுத்தினால் தரை தட்டாத அளவுக்கு. வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள். நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பின்னங்கால் வழுக்கி அகலும்போது அடி வாங்குவது இடுப்பு மூட்டு. வந்திருப்பது ஒன்றரை வயதுக்குள் இருக்கும் பெரிய இன நாய் என்றால், எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளமாக வளரும் இடங்கள்) இன்னும் மூடியிருக்காமல் இருக்கலாம். உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள். சாப்பாட்டுக்கு மேல் கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

ஒரு அவசரத்தை மட்டும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிற்றில் காற்று நிறைந்து, இரைப்பை அப்படியே முறுக்கிக்கொள்வது உண்டு. முறுக்கினால் இரைப்பையின் இரண்டு வாயும் அடைபடும், ரத்த ஓட்டம் நிற்கும். நாய் வாந்தி எடுக்க ஓங்கரிக்கும், ஆனால் எதுவும் வராது. எச்சில் வழியும், நிலைகொள்ளாமல் அலையும், வயிறு மத்தளம் மாதிரி இறுகும். இதைப் பார்த்தால் காலையில் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது, அறுவை சிகிச்சை தேவைப்படும். ஒரே வேளையாகக் கொட்டுவதும், அவசர அவசரமாக விழுங்குவதும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. காப்பகத்தில் போட்டி போட்டுத் தின்று பழகிய நாய் பெரும்பாலும் விழுங்கத்தான் செய்யும். அதனால் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, உள்ளே மேடு பள்ளம் வைத்த தட்டில் கொடுப்பது நல்லது.

நடை விஷயத்தில் நான் செய்த தவறு, பெரிய நாயென்றால் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும் என்று நினைத்தது. மணி நடக்கவில்லை, இழுத்தான். கழுத்துப் பட்டையில் லீஷ் மாட்டியிருந்ததால் இழுத்த எடை முழுக்க அவன் தொண்டையில் விழுந்தது. மார்பின் முன்பக்கம் கொக்கி உள்ள ஹார்னெஸுக்கு (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) மாறியதும், இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும்; இழுப்பதில் லாபம் இல்லாமல் போனது. தூரத்தைக் குறைத்து, மோப்பம் பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விட்டேன். சார்லட் துரான்டோனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப வேலை செய்த நாய்கள், அதே காலம் பக்கத்திலேயே ஒழுங்காக நடக்கப் பழகிய நாய்களைவிட, உள்ளே தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி வேகமாகப் போக ஆரம்பித்தன. நல்லதே இருக்கும் என்று எதிர்பார்க்கும் மனநிலை அது. ஒரு செடியின் அடியில் முழுசாக இரண்டு நிமிடம் மூக்கை வைத்து நிற்கும் நாயை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பெரிய நாய்கள் சீக்கிரம் மூப்படைகின்றன. 2013-ல் வந்த ஒரு ஆய்வின் கணக்குப்படி, உடல் எடையில் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது. ஏழு எட்டு வயதில் தத்தெடுக்கும் பெரிய நாய் ஏற்கெனவே முதியவர். எழுந்திருக்கும்போது சிணுங்கினால் அது பிடிவாதம் இல்லை, வலி. மூட்டு, பல், காது மூன்றையும் முதலிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். திடீர்க் கோபம் என்று நாம் நினைக்கும் பலவற்றுக்குப் பின்னால் யாரும் பார்க்காத ஒரு வலி இருக்கும்.

நான்காவது மாதம் ஒரு மத்தியானம், மணி அந்தச் சந்திலிருந்து எழுந்து வந்தான். கூடத்தின் நட்ட நடுவில், எல்லோரும் நடக்கிற வழியில், இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பக்கவாட்டில் சரிந்து நாலு காலையும் நீட்டிப் படுத்தான். ஒரு பெரிய பெருமூச்சு. பக்கவாட்டில் படுத்த நாய் சட்டென்று எழுந்து ஓட முடியாது, அடிவயிறும் திறந்து கிடக்கும். ஆழ்ந்த கனவுத் தூக்கத்தில் உடம்புத் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடும். பயம் இருக்கும் வரை அந்தத் தூக்கம் நிலைக்காது. கொஞ்ச நேரத்தில் அவன் பாதங்கள் துடிக்க ஆரம்பித்தன, மூக்கு நுனி அசைந்தது, வாய்க்குள்ளேயே ஒரு சின்னக் குரைப்பு. அன்று சாயங்காலம் வரை வீட்டில் எல்லோரும் சுவரை ஒட்டித்தான் நடந்தோம்.