கடலில் எண்ணெய்க் கிணறு: நம்மிடம் கேட்பதற்குள் துளை போட்டு முடித்திருப்பார்கள்

எண்ணெய் எடுக்க வந்தால் கலெக்டர் கூட்டம் போடுவார், எதிர்ப்பை அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று கடற்கரை ஊர்களில் பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி ஆய்வுக் கிணறும் மத்திய அமைச்சகம் தாக்க அறிக்கை பார்த்து அனுமதி தரும் 'ஏ' வகையில்தான் இருந்தது. 2020 ஜனவரி 16-ல் ஒரு திருத்தம் வந்தது. நிலமோ கடலோ, எண்ணெய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் கிணறுகள் எல்லாம் 'பி2' வகைக்குப் போயின. அந்த வகைக்குத் தாக்க அறிக்கை தேவையில்லை, மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை. பொதுவாக மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி கொடுத்துவிடும். எண்ணெய் கிடைத்து உற்பத்திக்குப் போகும்போதுதான் கருத்துக்கேட்பு என்ற பேச்சே வரும். கரையிலிருந்து வெகுதூரம் என்று காரணம் காட்டி அப்போதும் விலக்குக் கேட்பது உண்டு.

2025 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்ட நிலப்பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு இப்படித்தான் அனுமதி கொடுத்தார்கள். விஷயம் வெளியே பேசப்பட்டது ஆகஸ்டில். இந்த இடைவெளி ஏன் முக்கியம் என்றால், அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம். 90 நாள் தாண்டினால் மேல்முறையீட்டை எடுக்கவே மாட்டார்கள். "முதலில் ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, பதில் வந்ததும் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பதிலுக்கே 30 நாள் அவகாசம் உண்டு. ஆர்டிஐ மனு ஒரு பக்கம் போகட்டும், வழக்கறிஞரை அன்றைக்கே பாருங்கள். இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

சரி, அனுமதி கேட்டிருப்பது எப்படித் தெரியும்? மத்திய அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பம் ஏறும். மாவட்டப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கடல் திட்டங்கள் கண்ணில் படாமல் போகலாம். எண்ணெய் தேட ஒதுக்கும் காவிரிப் படுகைத் தொகுதிகளின் பெயர் 'சிஒய்' (CY) என்று ஆங்கிலத்தில் தொடங்கும், அதைப் போட்டும் தேடுங்கள். ஊரில் படித்த பிள்ளை ஒருவரிடம் வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். விண்ணப்பம் கண்ணில் பட்டால் ஆணையத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பித் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 'பி2'வில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆனால் பின்னால் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது அந்த ரசீது கைகொடுக்கும்.

கருத்துக்கேட்பு நடக்கும் திட்டமென்றால் வேறு தொல்லைகள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகம் உட்படச் சில அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அதைப் பார்க்க நாட்டுப்படகுக்கார அண்ணன் ஒருவரோடு நான் அலைந்தது மூன்று நாள். முதல் இடத்தில் "மாசு வாரியத்தைக் கேளுங்க" என்றார்கள். அங்கே போனால் "யூனியன் ஆபீஸ்ல வெச்சிருக்கோம்." யூனியன் ஆபீஸில் பீரோ சாவி வைத்திருந்தவர் லீவு. மூன்று நாள் தொழில் போன பிறகு கைக்கு வந்த அறிக்கை முழுக்க ஆங்கிலம். தமிழில் இருந்தது சுருக்கம் மட்டும். விதியும் சுருக்கத்தைத்தான் தமிழில் கேட்கிறது. அண்ணன் வரைபடத்தில் விரலை ஓட்டித் தன் பாரை, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டை, தேடினார். "எங்கப்பா காலத்துலேர்ந்து இங்கதான் வலை போடுறோம். வெறும் நீலமா விட்டிருக்காங்களே" என்றார்.

நீங்களும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் பார்களின் பெயரும் மீன்பாட்டு இடங்களும் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் படகு ஜிபிஎஸ்ஸில் உள்ள பாயின்ட்டுகளை எண்ணோடு எழுதிக் கொடுங்கள். எண்ணெய் மேடையைச் சுற்றி 500 மீட்டருக்குள் வலை போட முடியாது. அப்படிப் போகும் பாடுகளுக்கு என்ன பதில் என்று கேளுங்கள். துளையிடும்போது வெளிவரும் சேறு எங்கே கொட்டப்படும் என்றும் கேளுங்கள்.

கூட்டத்தில் "நீ இந்த மாவட்டமா?" என்று வாசலிலேயே மடக்குவார்கள். கடலில் மாவட்ட எல்லை பார்த்தா மீன் பிடிக்கிறோம்? பேசவிடாவிட்டாலும் பாதிப்புள்ள எவரும் எழுத்தில் கருத்துக் கொடுக்க விதியில் இடம் உண்டு. படகுப் பதிவுச் சான்று நகலை இணையுங்கள். பாசி எடுக்கும், மீன் விற்கும் பெண்களுக்குப் படகுச் சான்று இருக்காது, மீனவர் நலவாரிய அட்டை நகலை வைத்துக் கொடுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

அப்புறம், பேசி முடித்ததும் கலைந்துவிடாதீர்கள். கூட்டக் குறிப்பை முடிவில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், நடந்ததை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. அது வாசிக்கப்படும்வரை உட்கார்ந்திருங்கள். உங்கள் ஆட்சேபம் அதில் விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து, கேமரா ஓடும்போதே சொல்லுங்கள். தலைப்பில்லாத வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.