ஃபேடரை இறக்கியும் கரகரப்பு போகாதது ஏன்?

"அண்ணாச்சி, வில்லுப்பாட்டுல புலவர் உச்சத்துல பாடுனா மட்டும் கரகரங்கு. ஃபேடரை எறக்குனா சத்தந்தான் கொறையுது, கரகரப்பு அப்படியே இருக்கு. ஸ்பீக்கர் கோன் போயிட்டோ?"

வள்ளியூர்ப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) மேல் பழி போடுமுன் மிக்சரில் அந்தச் சேனலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். கெயின் (மைக் சிக்னலைப் பெருக்கும் திருகு), லோ கட் (அடித்தொனியை வெட்டும் பட்டன்), ட்ரெபிள்–மிடில்–பேஸ், ஆக்ஸ் (பாடுபவர் கேட்கும் மானிட்டர் பெட்டிக்குப் பிரியும் வழி), பேன் (இடம்–வலம் பிரிப்பது), கடைசியில் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்துவது). சிக்னல் போகும் வழியும் ஏறக்குறைய இதே வரிசைதான். மேலே கெட்டுப்போனதைக் கீழே இருக்கும் ஃபேடர் சரிசெய்யாது.

கதை சொல்லும் குரலுக்கு டைனமிக் மைக் தருவது சுமார் 2 மில்லிவோல்ட். கெயின் 60 டெசிபல் என்றால் 1000 மடங்கு, அதாவது 2 வோல்ட். நல்ல அளவுதான். சாமி வரவுப் பாட்டில் புலவர் மைக்கை நெருங்கி உச்சத்துக்குப் போனால் 20 டெசிபல் ஏறிவிடும். 20 டெசிபல் என்பது 10 மடங்கு. இப்போது மிக்சருக்குள் இருக்கும் மைக் ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் தந்தாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் சப்ளையோ பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 15 வோல்ட்தான். எட்டாத உச்சியை அது வெட்டிவிடுகிறது. உருண்டையாக ஏறி இறங்க வேண்டிய அலைக்கு மேலும் கீழும் தட்டையாகிவிடும்.

தேரிக்காட்டு மொட்டைப்பனையைத் தூரத்தில் நின்று பார்த்தால் சின்னதாகத் தெரியும். அதற்காகக் குருத்து முளைத்துவிடாது. ஃபேடரை இறக்குவதும் அவ்வளவுதான். அலை சிறிதாகும், மொட்டை மொட்டையாகவே இருக்கும். அந்த வெட்டு புதிய ஓசைகளையும் பெற்றுப் போடுகிறது: 400 ஹெர்ட்ஸ் குரலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டினால் 3 மடங்கான 1200, 5 மடங்கான 2000 என்று ஒற்றைப்படை மடங்குகள் கிளம்பும். புலவர் பாடவே பாடாத சுரங்கள் அவை. காதுக்குக் கரகரப்பு.

ஆகவே கெயின் வைக்கும் முறை: ஃபேடர் கீழே, கெயின் முழுக்க இடப்பக்கம். பிஎஃப்எல் பட்டனை (ஃபேடருக்கு முன்னால் உள்ள சிக்னலைக் கேட்கவும் பார்க்கவும் உதவுவது) அமுக்குங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" போதாது. புலவரை உச்சக்கட்டத்தையே நாலு வரி பாடச் சொல்லுங்கள். அலை வெட்டுப்படும் எல்லையை எச்சரிக்கும் பீக் லைட் மின்னும் வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து 6 டெசிபல் இறக்குங்கள். பிறகு ஃபேடரைக் கீழிருந்து மெதுவாக 0 வரை கொண்டுபோங்கள். பயந்து கெயினை ரொம்பக் குறைத்தாலும் வம்பு. அப்புறம் ஃபேடரையும், மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரையும் முட்ட ஏற்றுவீர்கள், 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். பேஸ், ட்ரெபிளைக் கூட்டினால் பீக் லைட்டை மறுபடி பாருங்கள். 12 டெசிபல் கூட்டுவது 4 மடங்கு.

ஆட்டம் தொடங்கியபின் கெயினைத் தொடாதீர்கள். மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ், ஃபேடருக்கு முன்பே பிரிகிறது. கெயினைக் கூட்டினால் புலவர் காலடிப் பெட்டியும் கூடும், 'கீ' என்று கத்தும்.

குடம் தனி விஷயம். புலவரின் மைக்குக்கு லோ கட் போடலாம். குடத்துக்குப் போட்டால் 'தொம்' போய் 'டக்' மட்டும் மிஞ்சும். குடத்தின் வாயில் அறையும்போது காற்று நேரே மைக்கைத் தாக்குவதால், நாலு விரல் தள்ளி, சாய்த்து வையுங்கள். கெயினைக் குறைத்தும் பீக் அணையாவிட்டால் சிக்னலை நுழைவிலேயே குறைக்கும் பேட் சுவிட்ச் இருக்கிறது.

மிக்சருக்குத் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் கட்டுவது உங்கள் விருப்பம். ஃபேடர் நகரும் காடிக்கு மேலே மட்டும் கட்டாதீர்கள். சாறு உள்ளே இறங்கினால் தடம் அரித்து, ஃபேடரை நகர்த்தும்போதெல்லாம் இன்னொரு கரகரப்பு சேரும்.

கோன் கேள்விக்கு வருவோம். பிஎஃப்எல் போட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதிலும் கரகரத்தால் ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை. ஹெட்ஃபோனில் சுத்தம், பெட்டியில் மட்டும் கரகரப்பு என்றால் மாஸ்டரின் பீக்கையும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிஃபையரின் கிளிப் லைட்டையும் பாருங்கள். இரண்டும் எரியவில்லையென்றால் பெட்டியைக் கழற்றலாம்.