சி.ஆர்.பி. நார்மல், மூளையில் அழற்சி: எம்.எஸ். நோயில் ஒரு நொதியின் வேலை

“தங்கைக்கு எம்.எஸ். என்று உறுதியாகிவிட்டது. அழற்சியால் வரும் நோய் என்கிறார்கள். ஆனால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். நோய் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தயாரிப்பது கல்லீரல். நிமோனியா போன்ற நோய்களில் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் ரத்தத்தில் ஏறி, கல்லீரலை முடுக்கிவிடும். எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸில் தாக்குதல் நடப்பதோ மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள சிறு சிறு திட்டுகளில். அது பெரும்பாலும் கல்லீரலை எட்டுவதே இல்லை.

நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறையை நம் நோயெதிர்ப்புச் செல்களே சிதைக்கின்றன என்பது பலருக்கும் தெரியும். ரத்தத்தில் ஓடும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் மூளைக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் சுவையான பகுதி. முதலில் அது ரத்தக்குழாயின் உட்சுவரைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் மூளை வந்துவிடாது. குழாயைச் சுற்றி ஓர் இடுக்கு, அதற்கப்பால் அடிச்சவ்வு என்ற இன்னொரு மெல்லிய படலம். அந்தச் சவ்வை மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளின் பாதங்கள் டிஸ்ட்ரோகிளைகான் என்ற புரதத்தால் பற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை அறுப்பவை எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 என்ற இரு நொதிகள். எம்.எஸ். போன்ற நோயை எலிகளில் உண்டாக்கிப் பார்த்து, 2006-ல் இதை வெளியிட்டார்கள். இரண்டு நொதிகளுக்கான மரபணுக்களும் நீக்கப்பட்ட எலிகளை அந்த நோய் தாக்கவில்லை.

புரதத்தை வெட்டும் நொதி, அதைச் சுரக்கும் செல்லையே ஏன் வெட்டிப்போடவில்லை? எம்.எம்.பி-9-இன் வெட்டும் இடத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. மூன்று ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் அதைப் பிடித்திருக்க, நான்காவது இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு அமர்ந்தால்தான் வெட்டு விழும். நொதி பிறக்கும்போதோ, அதன் முன்பகுதிச் சங்கிலியில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் தன் கந்தக அணுவை அந்த நான்காவது இடத்தில் வைத்து அடைத்திருக்கிறது. உறையில் போட்ட கத்தி போலத்தான். எம்.எம்.பி-3 என்ற இன்னொரு நொதி வந்து முன்பகுதியைக் கத்தரித்தால் அடைப்பு நீங்கும். 92 கிலோடால்டன் எடையுள்ள மூலக்கூறு ஏறத்தாழ 82 ஆகச் சுருங்கும். கத்தரிக்காமலும் நீக்கலாம். நைட்ரிக் ஆக்சைடிலிருந்து உருவாகும் வினைப்பொருள்கள் அந்தக் கந்தகத்தை மாற்றிவிட்டாலே போதும், அது துத்தநாகத்தை விட்டுவிடும். அழற்சி நடக்கும் இடத்தில் நைட்ரிக் ஆக்சைடுக்குக் குறைவே இல்லை. அழற்சியே நொதியை அவிழ்க்கிறது, அவிழ்ந்த நொதி மேலும் செல்களுக்கு வழிவிடுகிறது. உயிர்வேதியியலில் இதைவிட அழகான விசை எனக்குத் தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு: ஜெலட்டின் சைமோகிராஃபி. பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மில்லிலிட்டருக்கு 1 மி.கி. ஜெலட்டினைக் கலந்து வார்க்க வேண்டும். மூளைத் தண்டுவட நீர் மாதிரியை, புரதத்தை விரித்துவிடும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளைச் சேர்த்து ஏற்றி மின்சாரம் பாய்ச்சியபின், 2.5 சதவீத டிரைட்டான் என்ற மென்மையான சோப்புக் கரைசலில் அரை மணி நேரம் வீதம் இரண்டு முறை அலசினால் எஸ்.டி.எஸ். போய், நொதி மறுபடி மடிந்துகொள்ளும். பிறகு கால்சியமும் கொஞ்சம் துத்தநாகமும் உள்ள, பி.எச். 7.5 கரைசலில் 37 டிகிரியில் ஓர் இரவு. காலையில் புரதத்தில் ஒட்டும் கூமாசி நீலச் சாயம் ஏற்றினால் ஜெல் முழுவதும் நீலமாகும். நொதி ஜெலட்டினைத் தின்ற இடம் மட்டும் வெளுத்த பட்டையாகத் தெரியும்.

மாதிரியைக் கொதிக்க வைத்தாலோ மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தாலோ நொதி திரும்ப மடியாது, பட்டையே வராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்.டி.எஸ். அந்தச் சிஸ்டீனையும் விலக்கிவிடுவதால், செயலற்ற 92 கிலோடால்டன் வடிவமும் இங்கே பட்டை காட்டும். நொதியை அடக்கிவைக்கும் டிம்ப்-1 புரதமும் ஓட்டத்தில் பிரிந்துவிடும். ஆகவே பட்டை சொல்வது எவ்வளவு நொதி இருக்கிறது என்பதை; உடம்புக்குள் அது எவ்வளவு வெட்டிக்கொண்டிருந்தது என்பதை அல்ல.

பெல்ஜியத்தின் லூவென் ஆய்வாளர்கள் 1992-ல் எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் இந்த நொதியைக் காட்டினார்கள். ரத்தத்தில் எம்.எம்.பி-9 ஏறி டிம்ப்-1 இறங்கியிருந்தால், பின்னாலேயே எம்.ஆர்.ஐ.யில் புதிய திட்டுகள் வருவதும் 1999-ல் தெரிந்தது. அப்படியிருந்தும் இது மருத்துவமனைப் பரிசோதனையாக மாறவில்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் எம்.எம்.பி-9-ஐத் தயாராகச் சேமித்து வைத்திருப்பவை. ரத்தம் சோதனைக் குழாயில் உறையும்போதே அதைக் கொட்டிவிடும். அதனால் ரத்தம் உறைந்தபின் பிரிக்கும் சீரத்தில் வரும் அளவு, உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவில் வருவதைவிட மிக அதிகம். உறைவைத் தடுக்கும் சிட்ரேட் குழாயில் எடுத்து, தாமதிக்காமல் சுழற்றி, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தாலும் அளவு கெடும். மெத்தில்பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு ஏற்றியபின் எடுத்த மாதிரியில் நொதி இறங்கியிருக்கும். அதை நோய் தணிந்ததாகப் படிப்பது தவறு.

எம்.எஸ். மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா, டி செல்களில் எம்.எம்.பி-9 சுரப்பதைக் குறைக்கிறது. இதே நொதியை அடக்கும் இன்னொரு மருந்து, முகப்பருவுக்குக் கொடுக்கும் பழைய மினோசைக்ளின். கனடாவில் முதல் தாக்குதல் வந்த 142 பேருக்கு அதையோ போலி மாத்திரையையோ கொடுத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். நாளுக்கு இரு வேளை, 100 மி.கி. வீதம். ஆறு மாதத்தில் எம்.எஸ். என்று உறுதியானவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 61 சதவீதம், மினோசைக்ளின் குழுவில் 33.4 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. இன்னும் பெரிய சோதனை வேண்டும் என்பது என் கருத்து. காப்புரிமை தீர்ந்த மலிவான மாத்திரைக்குக் கம்பெனிகள் செலவழிக்காது. அரசுப் பணம்தான் அதைச் செய்ய வேண்டும்.

கேட்ட வாசகருக்கு: எம்.எம்.பி-9 பரிசோதனையைத் தேடிப் போக வேண்டாம். நோய் அடங்கியிருக்கிறதா என்பதை நரம்பியல் மருத்துவரின் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும்தான் சொல்லும். காடோலினியம் என்ற சாயமருந்தை ஏற்றி எடுத்த படத்தில் திட்டு மினுங்கினால், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு இப்போது அங்கே திறந்திருக்கிறது என்று பொருள். சி.ஆர்.பி. ஒருநாள் ஏறினால் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். தொற்றும் காய்ச்சலும் பழைய அறிகுறிகளை மறுபடி கிளப்பிவிடும். அது புதிய தாக்குதல் அல்ல, அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படாது.