கை அறிந்ததை எப்படிக் கேட்பது?

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் தையல் பிரிவில் பணிபுரியும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். உற்பத்திக் கணக்கைப் பதிய ஒவ்வொரு தையல் இயந்திரத்தின் பக்கத்திலும் தொடுதிரை வரப்போகிறதாம். அதற்கு முன் "உங்கள் கருத்து" என்று தலைப்பிட்ட படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்களாம். அதில் என்ன எழுதுவதென்று புரியவில்லை என்கிறார். பயனாளர்களைச் சேர்த்துக்கொண்டு வடிவமைப்பது என்பது இதுதானா என்றும் கேட்கிறார்.

இது அன்று. பங்கேற்பு வடிவமைப்பு என்ற முறை 1970களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொழிற்சங்கங்களின் வழியே உருவானது. சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கிறிஸ்டன் நிகார்ட், நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் அப்போது இணைந்து பணியாற்றினார். 1977ஆம் ஆண்டின் நார்வே பணிச்சூழல் சட்டம், வேலையிடத்துக்கு வரும் கணினி அமைப்புகளைப் பற்றி அறியவும் அவற்றின் வடிவமைப்பில் பங்கு பெறவும் தொழிலாளர்களுக்கு உரிமை அளித்தது.

நம் வாசகிக்குப் பயன்படும் செய்தி 1981இல் தொடங்கிய உட்டோப்பியா திட்டத்தில் இருக்கிறது. நாளிதழ்ப் பக்கங்களைக் கணினியில் அமைக்கும் கருவிகளை, நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கத்தினரும் கணினி ஆய்வாளர்களும் கூடி வடிவமைத்த திட்டம் அது. ஆய்வாளர்கள் முதலில் வழக்கம்போல் வரைபடங்களும் விவரணைகளும் எழுதிக் காட்டினார்கள். அச்சுத் தொழிலாளர்களுக்கு அவை அந்நியமாக இருந்தன. பிறகு ஒட்டுப்பலகை, காகிதம், அட்டை ஆகியவற்றைக் கொண்டு போலி வேலையிடம் ஒன்றை அமைத்தார்கள். திரையின் இடத்தில் படங்கள் மாறி மாறி வந்தன. வெறும் அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் "மேசை லேசர் அச்சுப்பொறி" என்று எழுதி வைத்தார்கள். அதன் முன் அமர்ந்து அச்சுத் தொழிலாளர்கள் உண்மையாகவே வேலை செய்வதுபோல் பக்கம் அமைத்துப் பார்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: ஓர் அட்டைப் பெட்டியால் எப்படி இவ்வளவு செய்ய முடிகிறது? தேர்ந்த கைக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி வாய்க்கு வருவதில்லை. தோல் வெட்டும் அனுபவசாலி, எந்தப் பக்கம் அதிகம் இழுபடும் என்பதைத் தொட்ட மாத்திரத்தில் அறிவார். எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டால் தடுமாறுவார். பொருள் ஒன்றை அவருடைய இடத்தில் வைத்து வேலையை நடித்துக் காட்டச் சொன்னால், சொல்லில் வராதது செயலில் வந்துவிடுகிறது. கை தயங்கும் இடமே வடிவமைப்பாளருக்குத் தேவையான தகவல். வாசகியின் இயந்திரத்தருகே ஓர் அட்டைத் துண்டைத் திரையாக ஒட்டிவைத்து ஒரு ஜோடி காலணியின் மேல்தோலைத் தைக்கச் சொன்னால், இரு கைகளும் தோலைப் பிடித்திருக்கும் நேரத்தில் திரையைத் தொட ஒரு கையை எடுத்தாக வேண்டும் என்பதும், சொல்யூஷன் பசை ஒட்டிய விரல் அந்தக் கண்ணாடியில் என்ன செய்யும் என்பதும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதோடு, அட்டையைக் கத்தரிக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பளபளவென்று முடிந்த பொருளைக் காட்டினால் மக்கள் மரியாதைக்காக நிறத்தைப் பற்றி ஏதோ சொல்வார்கள். அரைகுறைப் பொருளைக் காட்டினால் தாமே இடம் மாற்றி வைப்பார்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. அதை அண்டை மாவட்டமான வேலூரே காட்டுகிறது. தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவருக்குக் கல் குத்துவதும் தெரியாது, செருப்பு கடிப்பதும் தெரியாது. வலி இல்லாமையே புண்ணுக்கும் உறுப்புச் சிதைவுக்கும் வழிவிடுகிறது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு எடுத்துக்காட்டினார். 1955 முதல் வேலூர் அருகே கரிகிரியில் உள்ள தொழுநோய் ஆய்வு மையமும் இத்துறையில் இயங்கிவருகிறது. இத்தகைய பாதங்களுக்கான எம்.சி.ஆர். செருப்பில் மெத்தென்ற நுண்துளை ரப்பர் இருக்கும். ஆணி அடிக்க மாட்டார்கள். கழன்று விழுந்தாலும் தெரியாதென்பதால் பின்வார் இருக்கும். பாதத்தில் எங்கே அழுத்தம் கூடுகிறது என்பதை அணிபவரைக் கேட்டு அறிய முடியாது, அளந்துதான் அறிய வேண்டும். ஆனால் அந்தச் செருப்பே நோயைத் தெருவுக்கு அறிவித்துவிடுகிறது என்பதும், அதனாலேயே பலர் அதை அணியத் தயங்குகிறார்கள் என்பதும், மடங்கிய விரல்களுக்குக் கொக்கி மாட்டுவது பெரும்பாடு என்பதும் எந்த அளவுகோலிலும் விழாது. வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டிய கட்டாயமும் அப்படித்தான். அணிபவர் சொன்னால்தான் உண்டு. கடைச் செருப்பின் தோற்றம், கொக்கிக்குப் பதில் ஒட்டுப்பட்டை போன்ற மாற்றங்களுக்குத் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

என் சொந்தக் கருத்து ஒன்று. ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி கேட்கும்போது கருவிக்கும் பயணத்துக்கும் தயங்காமல் தொகை எழுதுகிறோம். வேலையை விட்டுவந்து அட்டைப் பெட்டி முன் அமரும் தொழிலாளியின் அன்றைய கூலியை எழுத மறந்துவிடுகிறோம். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், தைப்பவரிடம் இலவசமாகக் கருத்துக் கேட்பது அவர் சம்பளத்தில் கை வைப்பதாகும்.

ஆகவே வாசகி அந்தப் படிவத்தில் எழுத வேண்டியவை மூன்று கோரிக்கைகள்தாம்: திரைகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அவருடைய இயந்திரத்திலேயே ஒரு மாதிரியை வைத்துப் பார்க்க வேண்டும்; அந்த நேரத்துக்கு முழுக் கூலி தர வேண்டும்; மாதிரியை இடம் மாற்றவும் வேண்டாமென்று சொல்லவும் தைப்பவர்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். ஆர்டர் போன பிறகு எந்தக் கோரிக்கைக்கும் நிர்வாகத்தின் பதில் "அடுத்த முறை பார்க்கலாம்" என்பதாகவே இருக்கும் என்பதால், முதல் கோரிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.