மனத்தாழ்மை இருக்க தன்னடக்கம் எதற்கு?

"கடவுளின் சமுகத்தில் தன்னடக்கத்தோடு ஜெபியுங்கள்." தியானக் கையேடுகளிலும் மொழிபெயர்த்த பிரசங்கங்களிலும் இந்த வாக்கியம் இப்போது சகஜமாகிவிட்டது. மூலத்தில் 'ஹியுமிலிட்டி' என்று இருந்திருக்கும். அகராதியைத் திறந்தால் பணிவு, அடக்கம், தாழ்மை என்று மூன்று நான்கு சொற்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் காதுக்குக் கௌரவமாகப் படுவதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிக்கலே அந்தக் கௌரவத்தில்தான் இருக்கிறது.

லத்தீனில் 'ஹுமுஸ்' என்றால் மண். அதற்கு உறவான 'ஹுமிலிஸ்' என்பது தரையை ஒட்டிய, தாழ்ந்த என்று பொருள்படும். அதன் பண்புப்பெயர் 'ஹுமிலிதாஸ்'. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'தபெய்னோஸ்', அதாவது தாழ்ந்தது. அதோடு மனத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்தால் 'தபெய்னொஃப்ரொசூனே'. தமிழில் மனம், தாழ், மை: மனத்தாழ்மை. உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. பிலிப்பியர் 2:3இல் சீர்திருத்தச் சபையார் ஆளும் பழைய மொழிபெயர்ப்பும், பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆளும், 1995இல் வந்த திருவிவிலியமும் ஒருமித்து இந்தச் சொல்லைத்தான் ஆள்கின்றன. மற்ற எத்தனையோ சொற்களில் பிரிந்து நிற்கும் இரு தரப்பும் கைகோத்த இடம் இது. அதைக் கலைப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

தன்னடக்கத்தை ஆதரிப்பவர்கள் குறளைக் காட்டுவார்கள். "எல்லார்க்கும் நன்றாம் பணிதல்" என்ற குறள் அடக்கமுடைமை அதிகாரத்தில்தானே வருகிறது என்பார்கள். வருகிறது. ஆனால் அதற்கு அடுத்தடுத்த குறள்களையும் படிக்க வேண்டும். ஆமைபோல் ஐந்தையும் அடக்கச் சொல்கிறது ஒன்று. நாவைக் காக்கச் சொல்கிறது இன்னொன்று. அடக்கம் என்றால் உள்ளே இருக்கும் ஒன்றை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது. பத்திரிகைத் தமிழும் இந்தப் பொருளில்தான் ஆள்கிறது. விருது வாங்கியவர் "எல்லாம் குழுவின் உழைப்பு" என்றால் அவருடைய தன்னடக்கத்தைப் பாராட்டி எழுதுகிறார்கள். திறமை அவரிடம் இருக்கிறது, காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்கு 'மாடஸ்டி' என்று வேறு சொல்லே உண்டு.

இந்தப் பொருளைக் கடவுளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். லூக்கா 18இல் இயேசு சொல்லும் உவமையில் இருவர் ஜெபிக்கிறார்கள்: சமய ஒழுங்கில் கறாரான பரிசேயன் ஒருவன், பாவி என்று ஊர் ஒதுக்கிய, வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஒருவன். கடவுள் ஏற்பது ஆயக்காரனை. பரிசேயன் சொன்னது பொய் என்று உவமை சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம். போதாக்குறைக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். அவனுக்குத் தன்னடக்கம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பட்டியலை வாசிக்காமல் விட்டிருப்பான். மனத்துக்குள் பட்டியல் அப்படியே இருந்திருக்கும். ஆயக்காரனிடமோ அடக்கி வைக்க ஒன்றுமே இல்லை. தூரத்தில் நிற்கிறான், கண்ணை ஏறெடுக்கவில்லை, மார்பில் அடித்துக்கொள்கிறான், "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். நாலே சொல். அடக்கமாகப் பேசினான் என்று அவனைச் சொன்னால் உவமையே சரிந்துவிடும்.

வினைச்சொல்லாக மாற்றிப் பார்த்தால் பிழை இன்னும் பளிச்சென்று தெரியும். வேதாகமத்தில் இந்தக் கருத்து பல இடங்களில் வினையாகவே வருகிறது. 2 நாளாகமம் 7:14இல் ஜனங்கள் "தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி" என்று இருக்கிறது. பிலிப்பியர் 2:8இல் கிறிஸ்து "தம்மைத்தாமே தாழ்த்தினார்". அங்கே "தம்மைத்தாமே அடக்கினார்" என்று போட்டால், கோபத்தை விழுங்கிக்கொண்டார் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? பெயராக இருக்கும்போது மறைந்திருக்கும் பிழை வினையாக்கினால் வெளியே வந்துவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் எந்தப் பண்புப்பெயருக்கும் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, அந்த இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கலாத்தியர் 5:23இல் ஆவியின் கனிகள் என்ற நற்குணப் பட்டியலில் கடைசியாக வருவதைப் பழைய மொழிபெயர்ப்பு 'இச்சையடக்கம்' என்றும், திருவிவிலியம் 'தன்னடக்கம்' என்றும் சொல்கின்றன. கிரேக்கத்தில் அது முற்றிலும் வேறு சொல்: 'எங்கிரத்தேயா', தன்னைத் தன் பிடியில் வைத்திருத்தல். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் என்றால், தன்னடக்கம் பற்றிய பாடத்தைப் படிப்பவர் எதைப் பற்றிப் படிக்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

எதிர்த்தரப்பில் பொருட்படுத்த வேண்டிய வாதம் ஒன்றுதான். தாழ்மையில் தாழ்வின் வாடை வீசுகிறது. தாழ்ந்தவன், தாழ்த்தப்பட்டோர் என்ற சொற்கள் காயப்படுத்திய சமூகத்தில் அதே வேரைப் புண்ணியமாகப் போதிக்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை இலக்கணத்தில் இருக்கிறது. தாழ்த்தப்படுவது பிறர் செய்யும் வன்முறை. தன்னைத் தாழ்த்துவது ஒருவர் தானே, தன்னைப் படைத்தவருக்கு முன்னால் செய்வது. இந்த வேறுபாட்டை அழிக்காமல் காக்கத்தான் துல்லியமான சொற்கள் வேண்டும். லூக்கா 1:48இல் மரியாள் பாடுவது தன் குணத்தைப் பற்றியல்ல, தன் நிலையைப் பற்றி. பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'தாழ்மை' என்றது; திருவிவிலியம் 'தாழ்நிலை' என்று திருத்தியது. அருமையான திருத்தம். அந்தப் பாட்டிலேயே கடவுள் தாழ்நிலையில் இருப்பவர்களை உயர்த்துகிறார். அங்கேயே இருங்கள் என்று சொல்லவில்லை. வாடை என்று பார்த்தால் 'தபெய்னோஸ்' என்பதும் கிரேக்கர் வாயில் பெரும்பாலும் இகழ்ச்சிச் சொல்தான்: இழிந்தவன், அடிமைப் புத்திக்காரன். அதைத்தான் அப்போஸ்தலர்கள் எடுத்து அணிந்துகொள்ளச் சொன்னார்கள். கௌரவமான சொல்லைப் போட்டு அந்த அதிர்ச்சியைத் துடைத்துவிடுவதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு இல்லை, மெழுகுதல்.

'பணிவு' தன்னடக்கம் அளவுக்குக் கெட்டதில்லை. ஆனால் அது உடலிலும் நடத்தையிலும் தெரிவது. "பணிந்து குனிந்து முழங்காற்படியிட" என்று சங்கீதம் 95 சொல்வது அதைத்தான். 6ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) எழுதிய துறவற ஒழுங்கின் 7ஆம் அதிகாரம் தாழ்மையைப் பன்னிரண்டு படிகளாக அடுக்குகிறது. முதற்படி இறையச்சம். தலை கவிழ்ந்து, கண் தரையைப் பார்த்து, ஆயக்காரனின் சொற்களை மனத்தில் ஓயாமல் சொல்வது பன்னிரண்டாம் படி. உடல் கடைசியில்தான் வருகிறது. 'பணிவு' என்று மட்டும் போதித்தால் ஆட்கள் நேரே பன்னிரண்டாம் படியில் போய் நின்றுகொள்வார்கள். முழங்கால் மடங்கியிருக்கும், பட்டியல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

'தாழ்வு மனப்பான்மை' உளவியல் சம்பந்தப்பட்ட சொல், ஜெபத்தில் அதற்கு இடமே இல்லை. "நான் எதற்கும் லாயக்கில்லாத புழு" என்று ஐந்து நிமிடம் அடுக்குவது அதன் விளைவு. அப்படி ஜெபிப்பவரும் தன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார். "தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன்" என்று ஆபிரகாம் ஒரு வாய் சொல்லிவிட்டு, உடனே, அழிக்கப்படவிருந்த சோதோம் ஊருக்காகக் கடவுளிடம் தொடங்கியிருந்த பேரத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை விட்டுவிட வேண்டும் என்று தொடங்கியதைப் பத்து வரைக்கும் இறக்குகிறார்.

ஆக, குணத்துக்கு மனத்தாழ்மை, செயலுக்குத் தன்னைத் தாழ்த்துதல், நிலைக்குத் தாழ்நிலை, உடலுக்குப் பணிதல். தன்னடக்கம் கலாத்தியரிலேயே இருக்கட்டும். இதில் தனித்தமிழ்ச் சண்டைக்கு வேலையே இல்லை. எல்லாமே தமிழில் ஊறிய சொற்கள்தான். 'ஜெபம்' வடமொழி என்று 'இறைவேண்டல்' ஆக்குவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை, பக்கத்தில் நிற்கும் சொல்லின் பொருளிலும் காட்டினால் போதும். பழைய கத்தோலிக்க ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்விப் பாடத்தில், தலையான பாவங்களுக்கு எதிரான புண்ணியங்களில் முதலில் வரும் 'தாழ்ச்சி'யை அங்கே அப்படியே விட்டுவிடலாம். புதிதாக எழுதும்போது மட்டும் வேண்டாம். இன்றைய வாசகர் அதை வீழ்ச்சி என்றே படிப்பார்.